டீசல் துணியை நான் தொடவில்லை

சென்ற மாதம் ரியாஸ் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். கீழவாஞ்சூர் துறைமுகத்து லாரிகளுக்கு ரிப்பேர் பார்க்கிறவன். கெட்டிக்கார மெக்கானிக், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கோ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்திருந்தான். அதற்குப் பட்டாள வண்டி மாதிரி பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக அடித்துத் தரவேண்டும் என்று வீட்டுக்கு வந்து நின்றான். சிவில் வண்டிக்குப் பட்டாளப் பச்சை அடிப்பது சட்டப்படி கூடாது என்று சொன்னேன். “பச்சைய கொஞ்சம் மாத்திக்கலாம் அங்கிள். ஆனா மேல லாக்கர் வார்னிஷ் ஒரு கோட்டு போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளன்னு நிக்கணும்” என்றான்.

அந்தப் ‘பளபள’வில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பளபளப்பு வேண்டுமென்றால் கல்யாணக் காரை வாடகைக்கு எடு, பட்டாளத்துத் திட்டு உனக்கு எதற்கு என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். ரியாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. “ஒரு லாக்கருக்கா அங்கிள் இவ்வளவு?” என்றான். உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும், இதை எழுதுங்கள் என்றான். எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொன்னால், அதில் பாதியாவது உண்மை என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; எங்கள் தெருவில் பட்டாளம் என்றாலே பிரெஞ்சுப் பட்டாளம்தான். அதில் இருந்தவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் சொல்தா வீடுகளைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம். ஜன்னல்களுக்கு வருஷம் தவறாமல் பெயிண்ட் அடித்திருக்கும். பட்டாளத்தில் சேருமுன் அதை அடித்தவன் நான். என் அப்பா மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பியூன். அறுபத்தாறில் தஞ்சாவூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தேன். போயும் போயும் இந்தப் பட்டாளமா என்று ஊரில் சிரித்தார்கள். வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் பெயிண்டர் வேலை கொடுத்தார்கள். பயிற்சியில் ஓடினேன், துப்பாக்கி துடைத்தேன், இந்தி கற்றேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பெயிண்ட் ஷாப்பில் எனக்கு மேலே இருந்தவர் ஹவில்தார் துரைக்கண்ணு. வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருவன் தப்பு செய்தால் பக்கத்தில் போய் நின்று, மீசையைத் தடவியபடி, “தம்பி, இத நீ செஞ்சியா, இல்ல உன் கை தானா செஞ்சுதா?” என்று கேட்பார். அவ்வளவுதான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. சட்டைப் பையில் எப்போதும் மடித்த வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். வேலை முடிந்த வண்டியின் மட்கார்டுக்கு அடியில், யாருமே பார்க்காத இடத்தில், அதை ஒரு இழுப்பு இழுப்பார். அழுக்கு ஒட்டினால் வண்டி திரும்பவும் கழுவும் இடத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த தொழில் அத்தனையும் அவரிடம் கற்றது. பின்னால் அவரைத் திட்டப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்குத் திட்டுத் திட்டாக அடிப்பது என்றால் மனம்போனபடி பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். அந்தக் கோடு கதவின் விளிம்பில் நிற்கக் கூடாது. கதவைத் தாண்டி மட்கார்டில் ஏறி, டயர் வளைவுக்குள் இறங்கிவிட வேண்டும். கதவோடு நின்றால், இதுதான் கதவு என்று நாமே வரைந்து காட்டியதாக ஆகிவிடும். புதிதாக வருகிற எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். கை தன்னால் விளிம்பில் நின்றுவிடும். வெயில் படும் மேல்பக்கத்துக்கு அடர்ந்த நிறம், நிழல் விழும் அடிப்பக்கத்துக்கு வெளிறிய நிறம். ஒரு வண்டியைப் போல இன்னொரு வண்டி இருக்கக் கூடாது. பிரஷை இழுக்காமல் குத்திக் குத்தி அடிக்க வேண்டும், இழுத்தால் விழும் கோட்டில் வெளிச்சம் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயிண்ட் மின்னவே கூடாது. சலித்த சீமைச்சுண்ணாம்புப் பொடியைக் கலந்து, காய்ந்தபின் கரும்பலகை மாதிரி சொரசொரவென்று இருக்கும்படி செய்வோம். மேட் பெயிண்ட் என்று அதற்குப் பெயர்.

இந்த மேட் பெயிண்டுக்கு ஒரு எதிரி உண்டு. டீசல் துணி. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால், டீசலில் கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து, அதில் துணியை முக்கி வண்டி முழுக்கத் துடைப்பார்கள். வண்டி புதுசாக மினுமினுக்கும், வந்தவருக்கு மனசு குளிரும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். நான் இருந்த எல்லா யூனிட்டிலும் இருந்தது. ஆனால் மேட் பெயிண்ட் எண்ணெயைக் குடித்துவிடும். ஒரு தடவை குடித்தால் சோப்பு போட்டாலும் போகாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும், ஒரு லாரிக்கு நான்கு நாள் பிடிக்கும். கண்ணில் படாமல் இருப்பதற்காக நாள் கணக்கில் பாடுபட்டு அடித்ததை, ஒருவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று ஒரே காலையில் கெடுப்பது. இது பைத்தியக்காரத்தனம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தோம்.

எழுபத்தொன்றில், டிசம்பர் மாதம், மேற்கு எல்லையில் ஒரு கருவேலங்காட்டில் நின்றோம். பதினோரு லாரிகள். மூன்று முன்வரிசையில், பாதையை ஒட்டி. எட்டு லாரிகள் இருநூறு அடி உள்ளே தள்ளி. முன்வரிசை லாரி ஒன்றின் டிரைவர் தங்கராசு, திருவாரூர்க்காரன். அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்துத் தமிழ் பேசியவன் அவன் ஒருவன்தான். இரண்டு பேரும் உட்கார்ந்தால் சோற்றைப் பற்றியேதான் பேசுவோம்.

அன்று காலையில் ஒரு பிரிகேடியர் வருகிறார் என்றார்கள். பாதையிலிருந்து தெரிவது முன்வரிசைதானே, அதை மட்டும் துடைத்தால் போதும் என்று முடிவாயிற்று. துரைக்கண்ணு துணியை என் கையில் கொடுத்தார். “மூணு வண்டிதான் சாமி. பத்து மணிக்குள்ள முடிச்சிடு” என்றார். என் பெயர் ஆரோக்கியசாமி, பட்டாளத்தில் சாமி. நான் முடித்தேன். ஒப்புக்குச் செய்யவில்லை, நன்றாகவே செய்தேன். தங்கராசு தன் லாரியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “என்னடா, என் வண்டிய பொண்ணு பாக்கவா அனுப்புற?” என்று கேட்டான். பிரிகேடியர் வந்தார், ஜீப்பிலிருந்து இறங்காமலே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு இரண்டு விமானங்கள் வந்தன. உள்ளே நின்ற எட்டு லாரிகளில் ஒரு கீறல் இல்லை. முன்வரிசை மூன்றும் எரிந்தன. தங்கராசு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பளபளப்பைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாதையைப் பார்த்து வந்திருக்கலாம், வேறு எதையாவது பார்த்து வந்திருக்கலாம். ஆறுதல் சொன்னவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நான் துடைத்த மூன்றும் போயின, துடைக்காத எட்டும் நின்றன. எனக்கு அதுதான் கணக்கு. துரைக்கண்ணு வந்தார். மீசையைத் தடவவில்லை, வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. எரிந்த லாரியின் கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அடுத்த வருஷம் அவர் ஒரு யூனிட்டுக்கும் நான் ஒரு யூனிட்டுக்குமாகப் பிரிந்தோம்.

அதற்குப் பிறகு நான் டீசல் துணியைத் தொட்டதில்லை. வீரமாக மறுத்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். பார்வையிடும் நாள் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அல்லது லீவு வரும், அல்லது டீசல் டின் எங்கே போனதென்றே தெரியாது. பதினாறு வருஷம் இப்படி நழுவியே காலத்தை ஓட்டினேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

எண்பத்தேழில் என் சொந்த ஊருக்கே முகாம் வந்தது. கடலுக்கு அப்பால் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து மணல் நிறத்தில் பதினான்கு வண்டிகள் ரயிலில் வந்து இறங்கின: பன்னிரண்டு லாரி, இரண்டு ஜீப். திருவேட்டக்குடிக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பில் ஒரு மாதம் இருந்து, நிறம் மாற்றி, பயிற்சி முடித்து, சென்னைக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். பெயிண்ட் வேலைக்கு என்னைப் போட்டார்கள். அப்போது நான் தற்காலிக ஹவில்தார். கையில் மூன்று பட்டை, அதை நிரந்தரமாக்கும் காகிதம் மேலே போயிருந்தது. வந்துசேர்ந்து ரிப்போர்ட் செய்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் துரைக்கண்ணு. சுபேதார் ஆகியிருந்தார், பட்டாளத்தில் ‘சாப்’ என்று கூப்பிட வேண்டிய பதவி. மீசை நரைத்திருந்தது.

“சாமியா! உன் ஊராமே இது. நல்ல மீன் எங்க கெடைக்கும்?” என்றார். சொன்னேன். தங்கராசைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வேலையில் அவர் மாறவே இல்லை. தலைமையிடத்திலிருந்து வந்த நிற அட்டையில் இருந்த பச்சை மலைக்காட்டுப் பச்சை. கடற்கரைச் சவுக்கு அப்படியா இருக்கிறது? சாம்பல் பூத்த பச்சை அது. ஒரு கைப்பிடிச் சவுக்கு இலையைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அட்டையையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். “அட்டைய அனுப்பினவன் இந்தத் தோப்ப பாத்தானா? எலை சொல்றத கேளு” என்றார். மூன்று வாரம் அடித்தோம். சாம்பல் பச்சை, அடிமரத்தின் கறுப்பு, ஈரமணலின் பழுப்பு. என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. மட்கார்டுக்கு அடியில் அவர் கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.

கடைசி வாரத்தில் செய்தி வந்தது. ஜெனரல் ஒருவர் பார்வையிட வருகிறார். அதற்கு மறுநாள் விடியற்காலையில் வண்டிகள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். டிரைவர்களோடு தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தேன். சுபேதார் வந்து, “ரெண்டு டின் டீசல் எடுத்து வெச்சிரு சாமி. ஞாயித்துக்கெழம காலையில பதினாலையும் துடைச்சிடணும்” என்றார்.

இந்தத் தடவை வயிற்றைக் கலக்கவில்லை. லீவும் கேட்கத் தோன்றவில்லை.

“முடியாது சாப்.”

“என்ன முடியாது?”

“துடைக்க முடியாது. மறுநாளே கெளம்புது. சுரண்டி அடிக்க நாள் இல்ல. எண்ணெ குடிச்ச பெயிண்டோட அக்கரைக்குப் போகும்.”

அவர் கோபப்படவில்லை. என்னை ஓரமாக அழைத்துப்போய், ஒரு லாரியின் பின்டயரைக் காட்டினார். தேய்ந்து நூல் வெளியே தெரிந்தது. “இது மாதிரி பாதி வண்டில இருக்குது. மூணு தடவ எழுதிட்டேன், டயரு வரல. வண்டிங்க பளபளன்னு நின்னா பெரியவரு சந்தோசத்துல அங்கயே கையெழுத்துப் போடுவாரு. மொட்ட டயரோட ஓட்டிக்கினு போறவன் சாவ மாட்டானா?” என்றார்.

அது பொய்யான வாதம் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. “நீங்களே கடல்ல நின்னு பாருங்க சாப். அதுக்கப்புறமும் துடைக்கணும்னு தோணினா சொல்லுங்க” என்றேன். சரி என்றார். எப்படி மினுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அவர் ஏற்கெனவே தன் ஜீப்பைத் துடைக்கச் சொல்லியிருந்தார். அதை மற்ற வண்டிகளோடு தோப்பில் நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் காலை திருவேட்டக்குடி வேலாயுதத்தின் படகில் போனோம். எனக்கு வயதில் மூத்தவர், முகாமுக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்தவர். வேலூர்க்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது அலை தாண்டியதுமே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதை மீன்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு மைல் வந்ததும் வேலாயுதம் இன்ஜினை நிறுத்தினார்.

“பாருங்க சாப். எத்தன தெரியுது?”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “ஒண்ணு. என் ஜீப்பு” என்றார்.

“அது வலை எடுக்கிற எடத்துலேர்ந்தே தெரியுதுங்க” என்றார் வேலாயுதம். “காத்தால பாத்துட்டு, யாரோ கரையில நெலக்கண்ணாடிய கொண்டாந்து வெச்சிருக்காங்கன்னு பேசிக்கிட்டோம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில், “மத்ததெல்லாம் தெரியுதாண்ணே?” என்று வேலாயுதத்தைக் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

“தெரியுதே. அந்தா, ஒத்தப்பனைக்கு வடக்கால ஒண்ணு. மேட்டு மேல ரெண்டு. கோயிலுக்கு நேரா மூணு...” என்று ஒன்பது வரை விரல் நீட்டிவிட்டார். என் வாய் பிளந்துவிட்டது. “வண்டியெல்லாம் தெரியலீங்க. புதருதான் தெரியுது. ஆனா அந்த மேட்டுல எந்தக் காலத்துலயும் புதரே கெடையாதுங்களே!” என்றார்.

கரையில் இருக்கும் பனையையும் கோபுரத்தையும் மேட்டையும் பார்த்துத்தான் அவர்கள் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்கள். அவருக்கு அந்தக் கரை மனப்பாடம். என் மூக்கு உடைந்தது. வாந்தி எடுத்துக் களைத்துக் கிடந்த சுபேதார் கூடச் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே எல்லா வண்டிகளையும் ஏற்கெனவே புதர் இருந்த இடங்களுக்குப் பக்கத்தில் மாற்றி நிறுத்தினேன்.

கரைக்கு வந்ததும் அவர் மணலில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். “நீ சொல்றது சரிதான் சாமி” என்றார். எனக்கு மனசு நிறைந்தது. “ஆனா பெரியவரு கடல்லேர்ந்து பாக்க மாட்டாரு. பத்தடி தூரத்துல நின்னு பாப்பாரு. ஞாயித்துக்கெழம தொடச்சிடு.”

டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். “தொட மாட்டேன் சாப். எழுபத்தொண்ணுல தொட்டது போதும்” என்றேன். இதுவரை இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை நான் எல்லோர் முன்னாலும் திறந்துவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கட்டளையை மீறியதாக அன்றே என்மேல் குற்றம் எழுதினார்.

மறுநாள் முகாமை நடத்திய மேஜர் முன்னால் நிறுத்தினார்கள். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, லெஃப்ட் ரைட் போட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோவார்கள். பல தடவை மற்றவர்களைக் கொண்டுபோயிருக்கிறேன். கொண்டுபோகப்பட்டது அன்றுதான். மேஜர் இளைஞர், வடக்கத்தியர், நியாயமானவர். ஏன் மறுத்தாய் என்று கேட்டார். கருவேலங்காட்டில் நடந்ததைச் சொன்னேன். துணியைக் கொடுத்தது யார் என்பதையும் சொன்னேன். மேஜர் சுபேதாரைத் திரும்பிப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார்.

துரைக்கண்ணு நேராக நின்றுகொண்டு, “யாத் நஹி, சார்” என்றார். ஞாபகமில்லையாம்.

ஒரு மனிதன் செத்ததை ஒருவர் ஞாபகமில்லை என்று சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டால் காகிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றார் மேஜர். கேட்க மாட்டேன் என்றேன். இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். தற்காலிகப் பதவி போயிற்று, மூன்றாவது பட்டையைப் பிரித்தெடுத்தார்கள், நிரந்தரமாக்கும் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சொந்த ஊரில் முகாம் போட்டால் இது ஒரு கஷ்டம். மீன் கொண்டுவந்தவர்கள் வழியாக எங்கள் தெருவுக்கே விஷயம் போய்விட்டது. சொல்தா வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துடைக்காவிட்டால் என்ன, டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டளை போட்டாயிற்று. இரண்டு டின் டீசல், பக்கத்தில் துணிக்குவியல். என்னை வரிசைக் கடைசியில் நிற்கவைத்திருந்தார்கள், பார்க்கட்டும் என்று. முதல் லாரியின் டிரைவர் மாதவன், பாலக்காட்டுக்காரன், துணியை எடுத்து டின்னில் முக்கப் போனான். என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“மாதவா, நில்லு” என்றார் சுபேதார். வேகமாக நடந்து வந்தார். “டீசல அப்பால எடுத்து வை. பக்கெட்டுங்கள எடு. தண்ணி மொண்டா.”

எல்லோரும் விழித்தார்கள். ஆளுக்கு இரண்டு பக்கெட் தண்ணீரோடு வண்டிக்கு வண்டி நிற்கவைத்தார். ஜெனரலின் கார் மெயின் ரோட்டில் திரும்புவது தெரிந்ததும் கையை அசைத்தார். ஒரே சமயத்தில் பதினான்கு வண்டி மேலும் தண்ணீர். நனைந்த பெயிண்ட் காலை வெயிலில் அப்படி மின்னியது. ஜெனரல் வரிசையில் நடந்தார், சபாஷ் என்றார். சுபேதார் நீட்டிய டயர்க் காகிதத்தில் பானட் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். கார் போன அரை மணி நேரத்தில் வெயிலில் எல்லாம் காய்ந்து, ஏற்கெனவே எண்ணெய் குடித்த அவர் ஜீப்பைத் தவிர மற்ற வண்டிகள் பழையபடி கரும்பலகை ஆகிவிட்டன.

வெறும் தண்ணீர். இருபத்தொரு வருஷ சர்வீஸில் அது என் மண்டைக்கு எட்டவில்லை. டிரைவர்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. ஞாபகமே இல்லாத மனிதருக்கு டீசலை அப்பால் வைக்கச் சொல்ல எப்படித் தோன்றியது? அது ஒரு நாள் முன்னால் கூடாரத்துக்குள் தோன்றியிருந்தால் என் பட்டை எங்கே போயிருக்கும்?

மறுநாள் வண்டிகள் கிளம்பின. என்னை அனுப்பவில்லை. பதினான்கில் ஒன்பது திரும்பிவந்தன என்று பிறகு மாதவன் எழுதினான். மற்ற ஐந்தும் எப்படிப் போயின என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன், கண்ணிவெடி என்றான். மண்ணுக்குள் இருப்பதற்கு என் பெயிண்ட் என்ன செய்யும்? நான் யாரையும் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை, அதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

அடுத்த வருஷம் இரண்டு பட்டை நாயக் பதவியிலேயே ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தேன். எண்பத்தொன்பதில் ஒரு பகல் வேளையில் துரைக்கண்ணு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவரும் ஓய்வுபெற்றிருந்தார். கையில் ஆற்காட்டு மக்கன் பேடா பெட்டி, கக்கத்தில் ஒரு ஃபைல். ஸ்டெல்லா காபி கொடுத்தாள். ஃபைலைத் திறந்து டைப் அடித்த ஒரு மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்காக அவரே எழுதவைத்தது.

“ரெக்கார்டு ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஆபீசர் இருக்காரு, பேசிட்டேன். இதுல கையெழுத்துப் போடு. சாட்சிக்கு நான் போடுறேன். ஹவில்தாரா ஆக்கி, பென்ஷனையும் சரி பண்ணிடுவாங்க” என்றார். வரிவரியாகத் தமிழில் சொன்னார். சர்வீஸ் விவரம் ஒரு வரி, நன்னடத்தை ஒரு வரி. மூன்றாவது வரி: மேலதிகாரியின் கட்டளையை நான் தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்தது, வருந்துகிறேன்.

“கையெழுத்துதானே, போட்டுடுங்களேன்” என்றாள் ஸ்டெல்லா. அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“மூணாவது வரிய அடிச்சிடுங்க சாப்” என்றேன். “அந்த எடத்துல, உங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்.”

அவர் மீசையில் கை வைத்தார். தடவவில்லை. “அத எழுதினா, தங்கராசுக்கு நான் பதில் சொல்லணும் சாமி” என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். பிறகு அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லும்மா. ஒரு வரிக்காக இவ்வளவு வீம்பா?” என்றார்.

ஸ்டெல்லா மனுவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “அந்தத் தங்கராசு வீட்டுல யாருங்க இருக்காங்க?” என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். “அம்மா மட்டும்தான் இருந்தாங்க. இப்ப அவங்களும் இல்ல” என்றேன். ஸ்டெல்லா மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துரைக்கண்ணு மனுவை மடிக்க ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். தண்ணீர் ஊற்றிய கை அவருடையதுதான், அதையும் மறக்கவில்லை. வாசல்வரை கூடப் போனேன்.

“கட்டளைய தப்பா புரிஞ்சிக்கிட்டேன்னு ஒரே ஒரு நாளைக்குத்தான் என்னால எழுதித் தர முடியும் சாப்” என்றேன். “அது எழுபத்தொண்ணுல. அன்னிக்கி நான் கீழ்ப்படிஞ்சேன். யாரும் எம்மேல குத்தம் எழுதல.”